கேட்காமல் வைத்த தட்டு

காலையில் காபி உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகும்வரை யாரோடும் பேச எனக்குப் பிடிக்காது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். அதனால் எங்கள் அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலை டிபன் தரப்போகிறார்கள், ஆசிரியர்கள் முறைவைத்துச் சீக்கிரம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தலைமை ஆசிரியை அறிவித்தபோது முதலில் முணுமுணுத்தவள் நான்தான். பிள்ளைகள் வயிறு நிறைவதில் எனக்கென்ன ஆட்சேபம்? ஹைதராபாதில், என் வீடு இருக்கும் கொண்டாப்பூரிலிருந்து பள்ளி இருக்கும் சனத்நகருக்கு அந்த நேரத்தில் வந்து சேர்வதில்தான் ஆட்சேபம்.

எங்கள் பள்ளி பழைய தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருக்கிறது. பாடம் நடத்தும்போது பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். பட்டறைகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், ஆட்டோ ஓட்டுகிறவர்களின் பிள்ளைகள். தெலுங்கு, உருது, போஜ்புரி, ஒரியா என்று எல்லாம் கலந்து கேட்கும். நான் கணக்கு டீச்சர். பிறந்ததே ஹைதராபாதில்தான், அப்பா மத்திய அரசு நிறுவனத்தில் வேலை பார்த்தார். வீட்டில் பேசுவது கும்பகோணத்துத் தமிழ் என்று அம்மா சொல்வாள், ஆனால் கோபம் வந்தால் 'வேண்டாம்' என்பதற்கு என் வாயில் ஹைதராபாத் உருதுவின் 'நக்கோ'தான் வரும். வகுப்பில் தெலுங்கும் இங்கிலீஷும். தமிழுக்கு அங்கே வேலையே இருந்ததில்லை, அந்தப் பெண் வந்து சேரும்வரை.

மத்தியானச் சாப்பாடு எங்கள் பள்ளியில் வெகு காலமாக இருக்கிறது. பொதுச் சமையல்கூடத்திலிருந்து வேன் வரும். பெரிய எவர்சில்வர் பாத்திரங்களை இறக்குவார்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவில் வரிசையாக உட்காருவார்கள். ஆயம்மா, அதாவது எங்கள் பள்ளியின் உதவியாளர் அம்மா, சோற்றையும் பருப்பையும் போட்டுக்கொண்டே போவார். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருகிற பிள்ளையும் அதே வரிசையில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து முட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். இதில் யார் ஏழை, யார் இல்லை என்பதெல்லாம் யாருக்கும் தோன்றாது. பசித்தால் சாப்பாடு, அவ்வளவுதான்.

காலை டிபன் புதுசு. அதனால் அதில் ஒரு குளறுபடி வந்து சேர்ந்தது. ஆரம்பித்த வாரம் கோதுமை ரவை உப்புமா ஒரு பாத்திரம் அப்படியே மீந்துபோனது. சில பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள், சில பேர் தட்டில் வாங்கி அளைந்துவிட்டுக் கொட்டினார்கள். எங்கள் தலைமை ஆசிரியைக்குக் குப்பைத்தொட்டியில் சாப்பாட்டைப் பார்த்தால் தாங்காது. அன்று முழுவதும் அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. மறுநாள் காலை, பிள்ளைகள் கூடியதும், வராந்தாவில் நின்றுகொண்டு தெலுங்கில் கேட்டார். வீட்டில் சாப்பிடாமல் வந்தவர்கள் கை தூக்குங்கள். தூக்கிய கைகளுக்குத் தகுந்தபடி ஆயம்மா தட்டுகளை எடுத்து வைத்தார். அன்று உப்புமா மிஞ்சவில்லை. நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினோம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

ஆனால் நாளாக ஆகக் கைகள் குறைந்தன. கை தூக்குகிற பிள்ளைகளுக்கு மற்றவர்கள் 'டிபன் பேட்ச்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஏய், டிபன் பேட்ச், ஆயம்மா கூப்பிடுறாங்க" என்று கிண்டல். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒருவர்கூடக் கை தூக்குவதில்லை. எட்டாவதுக்கு மேல் மீசை அரும்புகிற வயதில், ஊர் பார்க்க நின்று எனக்கு வீட்டில் சாப்பாடு இல்லை என்று எவன் சொல்வான்? தலைமை ஆசிரியைக்கோ சாப்பாடு வீணாகவில்லை என்ற திருப்தி. எனக்கு என் காபி இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்காத நேரம். யாரும் எதையும் யோசிக்கவில்லை.

அந்தப் பெண் ஏழாவது. நான்தான் வகுப்பாசிரியை. முந்தின வருடம் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவள். மடித்துக் கட்டிய ரெட்டைப் பின்னல், எப்போதும் கொஞ்சம் பெரியதாக இருக்கும் யூனிஃபார்ம், கேட்டதற்கு மட்டும் பதில். தோழிகளோடு தெலுங்கில் சரளமாகப் பேசுவாள், என்னைக் கண்டால் தமிழ். கணக்கு நன்றாக வரும். ஆனால் மூன்றாவது பீரியடில் தலையைப் பெஞ்சில் சாய்த்துவிடுவாள். சில நாள் குழாயடிக்குப் போய் வெறும் புளித்த தண்ணீராக வாந்தி எடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். 

டிபனுக்கு அவள் கை தூக்கியதே இல்லை. என் முறை வந்த வாரம் ஒரு நாள் அவளைத் தனியே நிறுத்திக் கேட்டேன்.

"சாப்ட்டியாடி கண்ணு?"

"சாப்ட்டாச்சு டீச்சர்."

"என்ன சாப்ட்டே?"

"தோசை."

மறுநாளும் கேட்டேன். தோசை. அதற்கு அடுத்த நாளும் தோசை. இதைத் தலைமை ஆசிரியை நம்பியிருப்பார். ஒரு தமிழச்சி எப்படி நம்புவாள்? எந்த வீட்டில் தினமும் தோசை வார்க்கிறார்கள்? முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மாவு புளித்தால் ஊத்தப்பம், மாவு தீர்ந்தால் உப்புமா. இதுதானே நம் வீடுகளில் நடப்பது. அதுவும் போக, மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் அவளை நான் பார்த்திருக்கிறேன். காலையில் தோசை தின்ற வயிறு அப்படிச் சாப்பிடாது. பருப்பு வந்து விழுவதற்கு முன்பே வெறும் சோற்றில் கை வைத்திருப்பாள்.

'சாப்பிட்டாச்சு' என்கிற அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வளர்ந்ததே அதில்தான். குவார்ட்டர்ஸில் எதிர்வீட்டுத் தெலுங்கு அத்தம்மா சுடச்சுடப் பெசரட்டு வார்த்து வா வா என்று கூப்பிடுவார். வாயில் எச்சில் ஊறும். ஆனாலும் "சாப்ட்டாச்சு அத்தம்மா" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறத்தியார் வீட்டில் பசிக்கிறது என்று சொல்லக்கூடாது. சொன்னால் நம் வீட்டில் சமைக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் வீடுகளில் குழந்தைக்கு 'அம்மா', 'அப்பா' சொல்லிக்கொடுத்த கையோடு இதையும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். தெலுங்குப் பிள்ளை "தின்லேது அத்தம்மா" என்று, இன்னும் சாப்பிடவில்லை என்பதை ஒளிக்காமல், தட்டை நீட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். எனக்கு அவர்கள் மேல் அத்தனை பொறாமையாக இருக்கும்.

அதனால் அவளிடம் மேலே கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தது. கேட்கக் கேட்கத் தோசைதான் வரும். வேறு வழி யோசித்தேன். அடுத்த நாள் அவளைப் பரிமாறுகிற வேலையில் போட்டேன். சட்னி வாளி அவள் கையில். பரிமாறுகிறவள் எப்படியும் ஒரு தட்டு எடுத்துக்கொள்வாள் என்பது என் கணக்கு. 

கணக்கு டீச்சரின் கணக்கு பிசகியது. நம் வீட்டுப் பெண்ணல்லவா? பரிமாறுகிறவள் கடைசியில்தானே உட்கார வேண்டும். ஒவ்வொரு தட்டாகக் குனிந்து குனிந்து சட்னி ஊற்றினாள். இன்னும் வேண்டுமா என்று திரும்ப ஒரு சுற்று வந்தாள். வாளியைக் கழுவினாள். கரண்டியைக் கழுவினாள். அதற்குள் மணி அடித்துவிட்டது, பிரேயருக்கு ஓடிவிட்டாள். வெறும் வயிற்றோடு இருந்தவளை வேலையும் வாங்கினேன் என்பதுதான் மிச்சம். அன்று மூன்றாவது பீரியடில் வழக்கத்துக்கு முன்பாகவே தூங்கிவிட்டாள். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த வாரம் பெற்றோர் கூட்டம். அவளுடைய அம்மா வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றியில் திருநீறு, புடவை முந்தானையை இழுத்துச் செருகியிருந்த விதத்திலேயே நேராக அடுப்படியிலிருந்து வருகிறவர் என்று தெரிந்தது. அமீர்பேட்டில் கோச்சிங் படிக்க வருகிற பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை. விடிவதற்கு முன்பே கிளம்பிப் போனால்தான் அந்தப் பெண்கள் வகுப்புக்குப் போவதற்குள் டிபன் தயாராகும். கணவர் ஊரில் இருக்கிறார் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தமிழில் பேசுகிற டீச்சர் என்று தெரிந்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க நல்லா இருக்கணும் டீச்சர். முன்னெல்லாம் நான் கெளம்புறதுக்கு முந்தி எந்திரிச்சு, இவளுக்குத் தோசையச் சுட்டு மூடி வச்சிட்டுப் போவேன். தூக்கமே கெடையாது. இப்பப் பள்ளிக்கூடத்துலயே காலைல போடுறீகளாம்ல? அம்மா, நீ ஒண்ணும் செய்யாத, நான் அங்க சாப்ட்டுக்கிறேன்னு இவளே சொல்லிட்டா. அரை மணி நேரம் சேத்துத் தூங்குறேன் டீச்சர். உங்க புண்ணியம்."

நான் அவளைப் பார்த்தேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கண்ணால் என்னிடம் கெஞ்சினாள். பள்ளிக்கூடத்தில் வீட்டில் சாப்பிட்டதாகச் சொல்கிறாள், வீட்டில் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுவதாகச் சொல்கிறாள். ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் டிபன் கொடுக்க ஒரு திட்டம் வந்தது. அது வந்ததனாலேயே இருந்த டிபனையும் இழந்தவள் இவள் ஒருத்திதான்.  

அந்த அம்மா அதோடு நிறுத்தவில்லை.

"ஆனா இந்த ஊருத் தண்ணி இவளுக்கு ஒத்துக்கிறல டீச்சர். தலவலி, வாந்தி. டாக்டருகிட்டக் காட்டி மாத்திரையும் குடுத்தாச்சு. ஆளு பாதியாப் போயிட்டா. அதான் ஊர்ல எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுரலாம்னு இருக்கேன். மாசக் கடைசில வந்து டிசி வாங்கிக்கிறேன்."

"அக்கா வீட்டுலயா? நீங்க?"

"நான் இங்க இருந்தாத்தான டீச்சர் பொழப்பு? வருசத்துக்கு ஒருக்கா போய்ப் பாத்துக்கிற வேண்டியதுதான்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கத்தான் முயன்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அடுத்த பெற்றோர் வந்து நின்றார், அந்த அம்மாவும் ஹாஸ்டலுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் அவளைக் குழாயடிக்கு அழைத்துப் போனேன். திட்டத்தான் போனேன். அவளே முந்திக்கொண்டாள்.

"அம்மாகிட்டச் சொல்லாதீங்க டீச்சர். சொன்னா மறுபடியும் எந்திரிச்சுத் தோசை சுடுவாங்க. தூங்கவே மாட்டாங்க."

"அப்ப இங்க சாப்டறதுக்கு என்னடி கேடு? உனக்குந்தானே வேன்ல வருது?"

"கை தூக்க முடியல டீச்சர்." 

"ஏன்?"

"தூக்கலாம்னுதான் வருவேன். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அதுக்குள்ள பெரிய டீச்சர் எண்ணி முடிச்சிருவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "யார் கேட்டாலும் சாப்ட்டாச்சுன்னுதான் சொல்லணும்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள். "நான் ஊருக்குப் போகல டீச்சர். அம்மாகூடவே இருக்கேன்." 

அப்போதுதான் அழுதாள். என்னால் அவளைத் திட்ட முடியவில்லை. பன்னிரண்டு வயதில் அம்மாவின் தூக்கத்தைக் காவல் காக்கிற பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது? சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். போகிற வேகத்தைப் பார்த்து ஆயம்மா ஒதுங்கி வழிவிட்டார்.

தலைமை ஆசிரியையிடம் பேசுவது சுலபமில்லை. நல்ல மனுஷி, ஆனால் முடிவெடுத்த பிறகு மாற்றச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கை தூக்கச் சொல்வதை நிறுத்த வேண்டும், எல்லோரையும் உட்காரவைத்து எல்லோருக்கும் போட வேண்டும் என்றேன். 

"எல்லாருக்கும் போட்டுக் குப்பையிலயா கொட்டச் சொல்றீங்க?" என்றார் தெலுங்கில். கை கண்ணாடிக்குப் போயிற்று.

"மேடம், மத்தியானம் யாரையாவது கேக்கறோமா? வீட்டுல சோறு இருக்கா, இல்லையான்னு?"

"அது வேற."

"என்ன வேற? சோறுன்னா கேக்க மாட்டோம், உப்புமான்னா கேப்போமா?" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "கை தூக்கினவனுக்கு மட்டும் போட்டா அது பிச்சை மேடம். எல்லாருக்கும் போட்டாத்தான் அது பந்தி."

கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு வரிசையாக உட்கார்வதற்குத் தெலுங்கிலும் பந்திதான். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஜன்னல் வழியாக வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எந்தப் பிள்ளை என்று கேட்டார். நான் பெயர் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. 

"கொஞ்சங்கொஞ்சமாப் போடச் சொல்றேன். வேணும்னா திரும்ப வாங்கிக்கட்டும். ஆனா வீணாச்சுன்னா நீங்கதான் பக்கத்துல நின்னு பாத்துக்கணும். தினமும்."

தினமும் என்றால் தினமும் அந்த நேரத்துக்கு நான் கொண்டாப்பூரிலிருந்து வர வேண்டும். "ஹவ் மேடம்" என்று ஹைதராபாத் பாணியில் சரி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்னை நானே வைதுகொண்டு போனேன்.

மறுநாள் பிள்ளைகள் வந்தபோது தட்டுகள் ஏற்கெனவே வராந்தாவில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கேள்வி எதுவும் இல்லை. தலைமை ஆசிரியை கையைத் தட்டி, "கூர்ச்சோண்டி, அந்தரூ!" என்றார். எல்லோரும் உட்காருங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார் போலிருந்தது, நானும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் டிபன் பேட்ச் என்பது யாருக்கும் புரியவில்லை. எல்லோர் முன்னாலும் தட்டு இருக்கும்போது எவனைப் பார்த்துச் சிரிப்பது?

அவள் கதவோரம் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தோழி ஒருத்தி பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஆயம்மா உப்புமாக் கரண்டியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார். அவளிடம் வந்தபோது என்ன செய்தாள் தெரியுமா? தட்டுக்கு மேலே குனிந்து இரண்டு கையையும் குறுக்கே விரித்து மூடிக்கொண்டாள், கல்யாண வீட்டில் பாயசம் போதும் என்று இலையை மறைப்பது போல. அந்தப் பிள்ளைக்கு எங்கே போய் எதைச் சொல்லிப் புரியவைப்பது?

ஆயம்மாவுக்கு இந்த நாசூக்கெல்லாம் ஆகாது. இடுப்பு வலியோடு அத்தனை பிள்ளைகளுக்கும் குனிந்து போடுகிறவர். கையில் ஆவி பறக்கும் கரண்டி. "ஏமிடி, பெண்ட்லியா இது? செய்யி தீ!" என்று ஒரு அதட்டல் போட்டார். கல்யாணமா நடக்கிறது, கையை எடு என்றார். சூடு பட்டுவிடப்போகிறதே என்று அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். உப்புமா தட்டில் விழுந்தது. ஆயம்மா அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு விரலால் ஓரத்தில் கிள்ளி வாயில் போட்டாள். பிறகு ஒரு வாய். பிறகு நிமிரவே இல்லை.

நான் பார்க்காதது போல என் தட்டில் கவனமாக இருந்தேன். சொல்வதற்கென்ன, அந்த உப்புமாவில் எண்ணெயும் போதாது, கடுகும் தாளிக்கவில்லை. எனக்கு அன்று அது அமிர்தமாக இறங்கியது.

அன்று இன்னொன்றையும் கவனித்தேன். பத்தாம் வகுப்புப் பையன்கள், அதுவரை கொடிக்கம்பத்தடியில் நின்று அரட்டை அடித்துக்கொண்டு டிபன் நேரத்தைக் கழித்தவர்கள், பெரிய மேடம் உட்காரச் சொல்லிவிட்டாரே என்று அலுத்துக்கொள்வது போல வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் மூன்றாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். கை தூக்காதவள் அவள் ஒருத்தி மட்டுமில்லை. தலைமை ஆசிரியையும் அதைப் பார்த்தார். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் தானே காவல் நின்றிருந்தவர், கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து நகர்ந்து உப்புமாப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு காலைகள் மாறின. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிற பிள்ளைகளும் வந்து உட்கார்ந்து ஒரு வாய் வாங்கிக்கொண்டார்கள். இட்லி நாளென்றால் சீக்கிரமே கூட்டம் சேர்ந்தது. சாம்பார் என்று வருகிற வஸ்துவைப் பற்றி எனக்குப் பல அபிப்பிராயங்கள் உண்டு, அதில் சுரைக்காயைத் தவிர வேறு காயே கிடையாதா என்று வேன்காரரிடம் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அதெல்லாம் கவலையில்லை. அவளும் மெல்ல மெல்ல மாறினாள். மூன்றாவது பீரியடில் தலை சாயவில்லை. குழாயடிக்கு ஓடவில்லை. ஒரு நாள் வகுப்புக்குள் நுழையும்போது என்னிடம், "இன்னைக்கு உப்புமாவுல உப்பே இல்லைல டீச்சர்?" என்றாள். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்! தன் வீட்டுச் சாப்பாட்டைத்தானே ஒரு பிள்ளை குறை சொல்லும். அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம். வகுப்பில் யாரையும் திட்டவில்லை, பிள்ளைகளே பயந்துபோனார்கள்.

ஆனால் மாசக் கடைசி வந்துகொண்டிருந்தது. அம்மாவிடம் நீயே சொல்லிவிடு என்று அவளிடம் பலமுறை சொன்னேன். சொல்கிறேன் டீச்சர் என்பாள், சொல்ல மாட்டாள். இத்தனை நாள் சாப்பிடவில்லை என்பதைச் சொல்லாமல் இப்போது சாப்பிடுகிறேன் என்பதை எப்படிச் சொல்வது? அந்த அம்மாவுக்கோ மகள் தேறி வருவது கண்ணில் படவில்லை. விடிவதற்கு முன்னால் போய் இருட்டிய பிறகு வருகிறவருக்கு, மகள் முகத்தை வெளிச்சத்தில் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். அதுவும் பாதி நேரம்.

ஒரு இட்லி நாள். பந்தி பாதி நடந்துகொண்டிருந்தது. ஹாஸ்டலில் சமையலை முடித்து வைத்துவிட்டு, பரிமாறுவதற்கு வேறு யாரையோ நிறுத்திவிட்டு, அந்த அம்மா டிசி வாங்க வந்துவிட்டார். கேட்டைத் தாண்டி வராந்தாப் படி அருகே வந்தவர் அப்படியே நின்றார். அவர் வந்ததை அவள் பார்க்கவில்லை. வாயில் இட்லியோடு, காலித் தட்டைத் தூக்கிப் பிடித்து, வரிசைக் கடைசி வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள்.

"ஆயம்மா! இன்கொகட்டி!"

இன்னும் ஒன்று. 

அந்த அம்மாவுக்குத் தெலுங்கு அவ்வளவாக வராது. ஆனால் தூக்கிப் பிடித்த தட்டு எந்தப் பாஷையிலும் புரியும். "ஏ, என்ன பழக்கம் இது? கேட்டு வாங்குற?" என்று அதட்டியேவிட்டார். வளர்த்த வளர்ப்பு அப்படி. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். தட்டு மெல்லக் கீழே இறங்கியது. போச்சு, எல்லாம் பழையபடி ஆகப்போகிறது என்று நான் எழுந்தேவிட்டேன்.

அவள் எழுந்து போய் அம்மாவின் முன்னால் நின்றாள். 

"இத்தன நாளா நான் இங்க சாப்டவே இல்லம்மா" என்றாள். "வீட்டுலயும் சாப்டல. வெறும் வயித்தோடதான் இருந்தேன். இப்பத்தான் சாப்டுறேன். வாந்தியெல்லாம் நின்னுபோச்சு. என்னை அனுப்பாத."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன்.

"நூறு பிள்ளைகளுக்கு அங்க இட்லி அவிச்சிட்டு வர்றேன் டீச்சர்" என்றார் என்னிடம். "ஒவ்வொருத்தி தட்டுல வைக்கும்போதும் நெனைப்பேன். இந்நேரம் இவளுக்கு அங்க யாரு வைக்கிறாகளோன்னு. யாருமே வைக்கலையே." 

தலைமை ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. டிசி தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றவர், ஒன்றும் புரியாமல் எங்களையெல்லாம் பார்த்தார். பிறகு என்ன புரிந்ததோ, தாள்களை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆயம்மாவிடமிருந்து இட்லிப் பாத்திரத்தை வாங்கி அந்த அம்மாவிடம் நீட்டினார்.

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மகள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். முதலில் அவள் தட்டில்தான் வைத்தார். ஒரு இட்லி, அது மேல் இன்னொன்று, குழி பறித்துச் சாம்பார். எத்தனை மாதமாயிற்றோ, பெற்ற பிள்ளைக்குக் காலையில் தன் கையால் போட்டு. பந்தியில் தன் பிள்ளைக்கு மட்டும் போட்டுவிட்டு வருவது அந்த அம்மாவுக்கு வராது போலிருக்கிறது. அடுத்த தட்டுக்கும் போனார், அதற்கு அடுத்ததற்கும். பழகிய கை. யாருக்கு ஒன்று போதும், யாருக்கு மூன்று வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே வைத்துக்கொண்டு வராந்தாக் கோடி வரைக்கும் போய்த் திரும்பினார். ஆயம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடியில் ஒன்றிரண்டு இட்லி மிஞ்சிய பாத்திரத்தோடு அவர் மகளுக்கு அருகே வந்தபோது, அவள் நிமிர்ந்து பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"நீ சாப்ட்டியாம்மா?"

அந்த அம்மாவின் வாய் தானாகத் திறந்தது. 'ஆச்சு' என்று வரப்போகிறது என்பது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. அவள் கண்ணை எடுக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா வாயை மூடினார். பாத்திரத்தைக் கீழே வைத்தார். 

"இன்னும் இல்லடி" என்றார். "பசிக்குது."

அவள் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.